சீனியின் காதும் என் வாயும்

1

இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் முடிந்த அன்று, துறைமுகத்தில் ஒரு கிரேனின் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து நண்பன் சீனிவாசன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய விசா மறுப்புக் கடிதம்.

கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள்: பயணத்தின் நோக்கம் நம்பத்தக்கதாக இல்லை. கீழே ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்திருந்தார்கள். ஜாஸ் கச்சேரி கேட்க வருவதாகச் சொல்லப்படும் நோக்கம், விண்ணப்பதாரரின் தொழிலுக்கும் கல்விக்கும் பொருந்தி வரவில்லை.

"படிச்சுட்டு அர்த்தத்தச் சொல்லுலே. நான் புரிஞ்சுக்கிட்டதுதான் அர்த்தமான்னு பாக்கணும்" என்று சீனி எழுதியிருந்தான்.

அவன் புரிந்துகொண்டதுதான் அர்த்தம். விசைத்தறி பிட்டருக்கு ஜாஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். பாளையம்பட்டியில் எங்கள் பழைய முதலாளி இதையே கேட்டார். அவர் வாயால் கேட்டார், இவர்கள் கட்டத்தில் குறி போட்டுக் கேட்கிறார்கள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. ஐரோப்பாவின் வடக்கே ஒரு துறைமுக நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் ஒன்றும் இல்லை. இதில் வருகிற சிலரை நாளைக்கும் ரொட்டிக் கடையில் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான். நானும் இதில் யோக்கியன் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நானும் சீனியும் பாளையம்பட்டியில் ஒரு டேப்ரிக்கார்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருச்சுழிப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். சீனி டவுன்காரன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு பேசுவான், எங்களோடு தமிழ். கடையில் எங்களுக்கு ரிப்பேர் வேலை பாதி, சினிமாப் பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் வேலை பாதி.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நரிக்குடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். உறை கிடையாது, லேபிள் உரிந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்துச் சினிமாப் பாட்டு ஏற்றச் சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார். அழிப்பதற்கு முன்னால் என்னதான் இருக்கிறது என்று சீனி ஒன்றைப் போட்டான். ஒரு பியானோ. ஒருவர் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு அந்தச் சத்தம் அடங்கும்வரை சும்மா இருந்தார். கேசட் நின்றுவிட்டதென்று நான் கையை நீட்டினேன்.

"தொடாதலே. அவன் இன்னும் முடிக்கல" என்றான் சீனி.

பதினோரு கேசட்டுகளைத் தப்ப வைத்தோம். விஷயம் தெரிந்தபோது முதலாளி சொன்னார்: "கூலிக்காரன் மகனும் தறிக்காரன் மகனும் இதக் கேட்டு என்னத்தலே செய்யப் போறீக?"

அது ஜாஸ் என்பதே எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். வாசித்தவர்கள் பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். அந்தப் பியானோக்காரருக்கு 'பொறுமைக்காரர்' என்று பெயர். இண்டர்நெட் வந்த பிறகு அவருடைய உண்மையான பெயரைக் கண்டுபிடித்தோம். எண்பதைத் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறார், இன்னும் வாசிக்கிறார்.

3

நான் இங்கே வந்தேன். சீனி விசைத்தறி ஷெட்டில் பிட்டரானான். எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் பாக்கியம் டீச்சர், நரிக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். வாட்ஸப்பில் மூன்று பேர் கொண்ட குழு. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் அந்த வாரம் கேட்ட ஆல்பத்தைப் போட்டு, கேட்டதைப் பற்றிக் குரலில் பேசி அனுப்ப வேண்டும். அது மட்டும்தான் விதி.

சீனி பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். குழல் வாயை மூடியால் அடைத்து வாசிக்கும் ஒரு டிரம்பட் பற்றி ஒருமுறை சொன்னான்: "அவன் மூடியப் போட்டு வாசிக்கிறது ரகசியம் பேசுறதுக்கு இல்ல. வீட்ல விருந்தாளி இருக்கையில புருசனும் பொண்டாட்டியும் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சண்ட போடுவாகள்ல, அது."

இன்னொரு வாரம்: "ஷெட்டுல நாப்பது தறி ஓடுது. ஒண்ணு தாளம் தப்புனாலும் வாசல்ல நின்னே சொல்லிருவேன். இந்த டிரம்ஸுக்காரன் வேணும்னே தப்பி, நாலாஞ் சுத்துல வந்து சேந்துக்கிறான். எந் தறி இப்பிடிச் செஞ்சா ஸ்பேனர எடுப்பேன். இவனுக்குக் கையத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

டீச்சர் விடமாட்டார். "நீங்க சொன்ன எடத்த நாலு தடவ கேட்டேன் சீனி. அவன் வேணும்னு தப்பல. பாஸ் வாசிக்கிறவன் முந்திட்டான், இவன் சமாளிக்கிறான்." இருவரும் ஞாயிற்றுக்கிழமை வரை சண்டை போடுவார்கள்.

ஷெட்டில் பேச்சு கேட்காது. சைகையிலும் உதட்டசைவிலும்தான் வேலை நடக்கும். வருடக்கணக்கில் அந்த இரைச்சலில் நின்றவனுக்குக் காது என்ன ஆகும்? மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சீனி சொன்னான்: "சிம்பல் சத்தம் போயிருச்சுலே. வீடியோவுல தட்டு ஆடுறதப் பாத்துத்தான் அடிக்கிறான்னே தெரியுது." மதுரையில் டாக்டர் இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தார். கூர்மையான சத்தங்கள் முதலில் போகும், மற்றவை பின்னால் போகும் என்றாராம்.

அதன் பிறகுதான் சீனி முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டான். இத்தனை வருடத்தில் ஒரு சட்டைகூடக் கேட்டதில்லை. "ஸ்பீக்கர் இல்லாம ஒரு தடவ கேக்கணும்லே. ஆள் வாசிக்கிற எடத்துல நானும் இருக்கணும்."

சென்னையில் ஒருமுறை முயன்றிருந்தார்கள். டீச்சரும் அவனும் ஜாஸ் வாசிக்கிற ஒரு ஓட்டலுக்குப் போனார்கள். தட்டில் கரண்டி உரசும் சத்தம்தான் கேட்டது என்று திரும்பி வந்தார்கள். இந்த வருடம் பொறுமைக்காரர் எங்கள் நகரத்துக்கே வாசிக்க வருவதாக அறிவித்தார்கள். இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

4

இப்போது என் பங்கு.

எங்கள் பகுதி நூலகத்தில் மாதம் ஒருமுறை ஜாஸ் கேட்பவர்கள் கூடுகிறார்கள். பதினான்கு பேர். ஒவ்வொருவரும் அந்த மாதம் கேட்ட இசைத்தட்டைக் கொண்டுவந்து ஒரு பாட்டைப் போட்டு, ஐந்து நிமிடம் பேச வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நான் தட்டைப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாஷை வராது. இயக்குநர்போல எல்லாவற்றையும் நடத்துகிறவர் ஹென்ரிக், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர், நல்லவர். அடுத்தமுறை உங்கள் ஊர் சிதார் இசை ஏதாவது கொண்டுவாருங்களேன் என்று அன்பாகச் சொல்வார். திருச்சுழியில் நான் சிதாரைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

பெயரும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறிவிட்டது. வேலையிடம், வங்கி, நூலகம், எல்லா இடத்திலும் நான் 'திரு. சுடலை'. எங்கள் அப்பாவை ஊரில் மேல்தெரு ஆட்கள்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுவும் ஏவல் வேலைக்கு. இங்கே தினமும் என் காதில் அந்தப் பெயர் விழுகிறது. திருத்தப் போனேன். பதினேழு பக்கப் படிவம் கொடுத்தார்கள். மேசையில் கிடக்கிறது.

ஒரு மாதம், அவமானம் தாங்காமல், சீனியின் அந்த டிரம்பட் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டு போய்ச் சொன்னேன். என் மகள் அபிக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்குத் தமிழ் குறைவு, இந்த ஊர் மொழிதான் முதல் மொழி. இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடுவது என்பதற்குச் சரியான சொல் தேடினோம்.

நான் சொல்லி முடித்ததும் மார்கித் என்ற அம்மையார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஹென்ரிக் என் தோளைத் தொட்டார். அதுவரை பதின்மூன்று வருடத்தில் அந்த ஊரில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இதை என் நண்பன் சொன்னான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் போயிற்று.

பிறகு ஆறு வருடம். மாதாமாதம் சீனியின் பேச்சு, அபியின் மொழிபெயர்ப்பு, என் வாய். நூலகத்தார் போடும் சிறு மடிப்பிதழில் அந்த வாக்கியங்கள் அச்சாகும், கீழே 'சுடலை' என்று. சொன்னவன் பெயர் இல்லை. திருடியவன் பெயர்கூட இல்லை.

5

சென்னையில் விசா மையத்தில் நடந்ததைச் சீனி இப்படிச் சொன்னான்: "கவுண்டர்ல தமிழ்ப் பிள்ளதான். சட்டையில பேரு குத்தியிருந்துச்சு. இங்கிலீசுல கேட்டுச்சு. காது மெஷினோட எனக்குப் பிடிபடல, தமிழ்ல கேளும்மான்னேன். அதுக்கும் இங்கிலீசுலதான் பதில் சொல்லுச்சு. என்ன வேல, எவ்வளவு படிப்பு, யாரு கூப்புட்டாக. என்ன பாட்டு கேப்பேன்னு மட்டும் கேக்கல. கேட்டுருந்தா ஒரு மணி நேரம் சொல்லிருப்பேன்."

மேல்முறையீட்டுக்கு இந்த ஊர்க் கலாச்சார அமைப்பு ஒன்றின் கடிதம் உதவும் என்று ஒரு வக்கீல் சொன்னார். எங்கள் நூலகக் குழுவின் பெயரில் அதைக் கேட்க, அபியை அழைத்துக்கொண்டு ஹென்ரிக் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது பதினேழு.

பதற்றத்தில் வாய் குழறிவிட்டது. சீனிக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்பதற்குப் பதிலாக, ஜாமீன் எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஹென்ரிக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். உங்கள் நண்பர் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அபி திருத்தினாள். ஆனாலும் அவர் முகம் பழையபடி திரும்பவில்லை.

"உங்களை எங்களுக்குத் தெரியும், சுடலை. நாங்கள் பார்த்தே இராத ஒருவருக்கு ஜாஸ் ரசனை இருக்கிறது என்று எப்படி எழுதித் தருவது?" என்றார்.

அபி என்னையே பார்த்தாள். இப்போது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

டிராமில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் இந்த ஊர் மொழியில் பேசுகிறவள், அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"அவர் வீட்டு ஃபிரிஜ் மேல சீனி மாமா பேசினது ஒட்டி வச்சிருக்கார். நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"சரியா நெனப்பாங்க" என்றாள்.

6

அடுத்த கூட்டத்துக்குத் தட்டு எதுவும் கொண்டுபோகவில்லை, அபியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் முறை வந்ததும் எழுந்து நின்று, ஆறு வருடமாக நான் பேசியது எதுவும் என்னுடையது அல்ல, விசா மறுக்கப்பட்ட என் நண்பனுடையது என்று சொன்னேன்.

மார்கித்தான் முதலில் பேசினார். கோபமாக இல்லை, உண்மையிலேயே சந்தேகத்தோடு கேட்டார்: "ஒரு தறி மெக்கானிக் இதையெல்லாம் தானாகவே சொல்லியிருப்பாரா? எங்காவது படித்திருக்கலாம் அல்லவா?"

"நான் சொன்னபோது எங்கே படித்தீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லையே."

"உங்களை எங்களுக்குத் தெரியும்."

"என் பெயரே உங்களுக்குத் தெரியாது" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். "சுடலை என் அப்பா. என் பெயர் முனியாண்டி. ஆறு வருடமாக என் பெயரும் தெரியாது, பேசியவன் யாரென்றும் தெரியாது. ஆனால் என்னை நம்பினீர்கள். ஏன் என்றால் நான் உள்ளே இருந்தேன். அதே வாக்கியம் வெளியே நிற்கிறவன் வாயில் வந்தால் அதற்குச் சான்றிதழ் கேட்கிறீர்கள்."

கத்தியபோது எனக்கே தெரியும், இதில் பாதிக் கோபம் என்மேல் படவேண்டியது. அதையும் சேர்த்து அவர்கள்மேல் கொட்டினேன்.

அபி என் போனை ஒலிபெருக்கியில் செருகினாள். சீனியின் குரல் அந்த அறையில் வந்தது. பின்னால் தறிச் சத்தம், யாரோ டீ கேட்கும் சத்தம். ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்தி, அவள் மொழிபெயர்த்தாள். பிரஷ்ஷால் டிரம்மைத் தேய்ப்பது பற்றி. பாடகி மூச்சு எடுக்கும் இடம் பற்றி. டீச்சர் மறுத்ததையும் போட்டாள், சீனி ஒரு வாரம் கழித்து, "டீச்சர் சொன்னதுதான் சரி, நான் அவசரப்பட்டுட்டேன்" என்று ஒத்துக்கொண்டதையும் போட்டாள். முக்கால் மணி நேரம்.

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மார்கித் போட்டார். ஹென்ரிக் போடவில்லை. அமைப்பின் பெயர் சம்பந்தப்பட்டிருக்கிறது, ஏற்கெனவே ஒருமுறை தவறாக வழிநடத்தப்பட்டோம் என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

7

மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. முடிவை மாற்றத்தக்க புதிய தகவல் இல்லையாம். ஒன்பது கையெழுத்தும், முக்கால் மணி நேரக் குரலின் மொழிபெயர்ப்பும் தகவல் இல்லை.

சீனியிடம் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிறு காலை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். மெஷினைச் சரிசெய்துகொண்டு முழுவதும் கேட்டான்.

"ஆறு வருசமாவா?"

"ஆமா."

"எம் பேர எங்கயும் சொல்லல."

"சொல்லல. பாஷ சரியா வரல சீனி, வெளக்கிச் சொல்ல..."

"பாஷ தெரியாதவனுக்கு எம் பேச்ச மட்டும் பாஷ மாத்தத் தெரிஞ்சிருக்கு." போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "அந்தக் கடுதாசி எழுதுனவன், தறிக்காரன் இதக் கேக்க மாட்டான்னு எழுதிருக்கான். நீயும் அங்க அதத்தானலே சொல்லி வச்சிருக்க. அவன் ஒரு வரியில சொன்னான். நீ ஆறு வருசமாச் சொல்லிருக்க."

வைத்துவிட்டான்.

குழுவை விட்டு அவன் விலகவில்லை. ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டான். இரண்டு வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம் டீச்சர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: "அவுக பேச மாட்டாக. நீங்க பேசுங்க. ஒங்க காதால கேட்டத. இத்தன வருசத்துல ஒரு தடவகூட நீங்க ஒழுங்காச் சொன்னதில்ல, தெரியுமா?"

பேசினேன். ஒரு சாக்ஸபோன் ஆல்பம் போட்டு, அது கரிசல் காட்டில் முதல் மழை விழுவதுபோல இருக்கிறது என்றேன். சீனி ஒரே சொல் அனுப்பினான்: "பொய்." அடுத்த வாரம், பியானோ கோவில் மணி மாதிரி என்றேன். "பொய்." மூன்றாவது வாரமும் அதேதான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. அவன் பேசுவதுபோலப் பேச முயன்றுகொண்டிருந்தேன்.

அதற்குள் கச்சேரி நாள் வந்தது. இரண்டாவது டிக்கெட்டை அபியிடம் நீட்டினேன். "அது சீனி மாமா சீட்" என்று சொல்லிவிட்டாள். தனியாகப் போனேன். அந்த வெள்ளிக்கிழமை எழுதி அனுப்பியது இதுதான். குரலில் சொல்லத் தைரியம் வரவில்லை.

"பொறுமைக்காரர் கச்சேரிக்குப் போனேன். பக்கத்து நாற்காலி காலி. ஒரு பெண் அதில் கோட்டை வைக்கலாமா என்று கேட்டாள். ஆள் வருகிறார் என்று பொய் சொன்னேன். அவர் வாசித்ததில் பாதி என் காதில் ஏறவில்லை. ஆத்திரமாக இருந்தது. சுற்றி இருந்த எல்லார் மேலும், உன்மேலும். ஒரு இடத்தில் அவர் ஒரு கட்டையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தார். அப்போது யாரோ இருமினார்கள். அந்த ஆளை அடிக்க வேண்டும்போல இருந்தது. இவ்வளவுதான் கேட்டேன்."

ஒரு மணி நேரம் கழித்துச் சீனியின் குரல் வந்தது. பின்னால் தறிச் சத்தம் இல்லை. ஷெட்டை விட்டு வெளியே வந்து பேசியிருக்கிறான்.

"இது நெசம். ஒன்மேல எனக்குக் கோவம் இருக்கு, அது போகாது. அது தனியா இருக்கட்டும். அந்த இருமுனவன் ஒனக்கு எந்தப் பக்கம் இருந்தான்? இருமல் மொதல்ல அடங்குச்சா, பியானோ மொதல்ல அடங்குச்சா? பியானோ மூடி தெறந்திருந்துச்சா? சத்தம் மேல போய்த் திரும்பி வந்துச்சா, இல்ல நேரா வந்துச்சா? அவரு கைய எடுத்ததும் எங்க வச்சாரு?"

ஒவ்வொன்றாக எழுதினேன். இடது பக்கம், எனக்குப் பின்னால். இருமல் முதலில் அடங்கியது. மூடி திறந்திருந்தது, எங்களைப் பார்த்து. கையைத் தொடைமேல் வைத்தார். சத்தம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு வெகுநேரம் யோசித்து, தெரியாது, கவனிக்கவில்லை என்று எழுதினேன்.